நீ விலை கேட்டுக் கட்டிய வீடு

"இதர வேலைகள் தனி" என்று எழுதியிருக்கிறது. கான்ட்ராக்டர் கொடுத்துவிட்டுப் போன எஸ்டிமேட்டின் கடைசி வரி அது.

புயல் அடித்து ஓய்ந்த பிறகு திருப்பாதிரிப்புலியூரில் கூரை போடுகிறவரையும் சுவர் எழுப்புகிறவரையும் பிடிப்பது பெரும்பாடாக இருக்கிறது. எங்கள் மொட்டை மாடியில் போட்டிருந்த ஷீட்டுக் கொட்டகை பறந்துபோய் எதிர்வீட்டுத் தென்னையில் சிக்கிக்கொண்டது. சுற்றுச்சுவரும் தெருப்பக்கம் சாய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பல இடம் அலைந்து ஒருவரைக் கூட்டிவந்தார். அந்த மனிதர் சுற்றிப் பார்த்தார், டேப் பிடித்து அளந்தார், மறுநாள் இந்தத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார்.

கடைசி வரியைப் படித்ததும், "இதரன்னா எது எதுங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்து, "அது வேல செய்யும்போது தெரியும்மா" என்றார். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வி யாருடையது என்று அவருக்கும் தெரியும். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நீ ஒரு வீட்டைக் கட்டினாய்.

கான்ட்ராக்டர் போன பிறகு தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீ போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. இதுவரை உன்னைப் பற்றி யாரிடமும் ஒழுங்காகப் பேசியதில்லை. உன்னிடமே பேசிவிடலாம் என்று தோன்றியது.

சிதம்பரத்துப் பள்ளிக்கூடத்தில் நான் தமிழ், நீ தையல். தையல் டீச்சருக்கு ஸ்டாஃப் ரூமில் ஓரத்து நாற்காலிதான். நீ அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. ஜன்னல் பக்கம் காற்று வருகிறது என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துகொள்வாய். இரண்டு பேருக்கும் குடியிருப்பு திருப்பாதிரிப்புலியூரில். ரயில் ஓடிக்கொண்டிருந்தவரை ரயில். பாதையை அகலமாக்க வேண்டும் என்று அதை நிறுத்திய பிறகு பஸ். முதுநகர் தாண்டியதும் கெமிக்கல் கம்பெனிகளின் வாடை வரும். நீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பேசுவாய். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், வெள்ளாற்றுப் பாலம் என்று ஊர்கள் வந்து போகும். உன்னைவிட நான் நான்கைந்து வருடம் மூத்தவள் என்பதால் என்னை எப்போதும் டீச்சர் என்றே கூப்பிட்டாய். நான் உன்னை நீ, வா, போ என்றேன்.

உன் வீட்டுக்காரர் மாரடைப்பில் போனபோது ஜெனி ஆறாம் வகுப்பு. அவர் விட்டுப்போனது அந்த மகளையும் ஒரு மனையையும்தான். சிதம்பரத்துக்குத் தெற்கே வயலைப் பிரித்துப் போட்ட மனைகளில் ஒன்று. மழைக்காலத்தில் தவளை கத்தும், கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். பல வருடம் அதை நீ போய்ப் பார்த்ததுகூட இல்லை.

பிறகு அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. அடுத்த மூன்று நான்கு வருடம் தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை வரை எங்கே பார்த்தாலும் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் இழுத்துக்கொண்டுபோன குப்பங்களுக்குப் புது வீடுகள். கொத்தனார், சித்தாள், சென்ட்ரிங் போடுகிறவர் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் கேட்டதுதான் கூலி. செங்கல் விலையை வாரத்துக்கு ஒரு தரம் மாற்றிச் சொன்னார்கள். மணல் லாரி எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சமயம் பார்த்து ஒரு நாள் காலை பஸ்ஸில் நீ சொன்னாய்:

"வூடு கட்டப்போறேன் டீச்சர்."

"இப்பவா? விலையெல்லாம் தாறுமாறா கெடக்கே. ரெண்டு வருஷம் போகட்டுமே. இந்தக் குப்பத்து வேலையெல்லாம் முடிஞ்சா கூலி எறங்கும்."

"எறங்குமா?"

"எறங்காட்டியும் இவ்ளோ வேகமா ஏறாது."

நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தாய். "எனக்கு இப்பவே வேணும்" என்றாய். அந்த 'இப்பவே'க்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்று தெரியாது. பென்ஷன் வராத வேலை, தகப்பன் இல்லாத பெண், வாடகை வீடு என்று நானாக ஒரு காரணம் கட்டிக்கொண்டேன்.

முதலில் நாம் போனது மஞ்சக்குப்பத்து இன்ஜினியரிடம். குளிர்சாதன அறை. கம்ப்யூட்டரில் உன் வீட்டைக் கலரில் வரைந்து காட்டினார். வாசலில் ஒரு கார் நின்றது, மாடியில் பூச்செடி இருந்தது. சதுர அடிக்கு அவர் சொன்ன விலை நாம் விசாரித்ததிலேயே குறைவு. எனக்கு உடனே பிடித்துவிட்டது. நீ கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தாய்.

"இதுல என்னென்ன சேத்தி சார்?"

"எல்லாமே மேடம்."

"செப்டிக் டேங்க்?"

"அது தனி."

"தண்ணித் தொட்டி?"

"அதுவும் தனிதான். எல்லாருமே அப்படித்தான் போடுவாங்க."

"மாடிப்படி? கரன்ட் வேல? ஜன்னலுக்குக் கம்பி?"

அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். "இதர வேலைகள்ல வரும் மேடம்."

"அப்ப எல்லாம்னு சொன்னீங்களே, அது எது சார்?"

திரும்பி வருகிற வழியில் நான் உன்னைக் கடிந்துகொண்டேன். படித்த மனிதரை அப்படிக் கேட்கலாமா என்றேன். நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஜாக்கெட் தைக்கக் குடுத்தா லைனிங் சேத்தா, சேக்காமலான்னு கேக்கறமா இல்லியா? கொக்கி யாருது, நூல் யாருதுன்னு கேக்கறோம். ஒரு வாரம் போட்டுக் கிழிக்கிற ஜாக்கெட்டுக்கே கேக்கறோம். வூட்டுக்குக் கேட்டா மட்டும் தப்பா?"

இரண்டாவது ஆள் சிதம்பரத்துக்காரர். நம் அறிவியல் டீச்சரின் ஒன்றுவிட்ட அண்ணன். நல்ல மனிதர், காபி வாங்கிக் கொடுத்தார். "நம்ம தங்கச்சி வூட்டு வேல மாதிரி செஞ்சு தர்றேன். கணக்கெல்லாம் எதுக்கும்மா?" என்றார். அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்ன மொத்தத் தொகை எதிலிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "என் கூடப்பொறந்தவன் பாகம் பிரிக்கச்சே செங்கல்லு செங்கல்லா எண்ணினான். இவரு தங்கச்சிங்கறாரு, கணக்கு வேணாங்கறாரு. பயமா இருக்கு டீச்சர்." பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனோம்.

அதற்குப் பிறகு நீ விசாரித்த விசாரிப்பை நான் மறக்கமுடியாது. கடலூரில் ஒரு விலை, சிதம்பரத்தில் ஒரு விலை, ஏன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டாய். ஜல்லி வடக்கே இருந்து வருகிறது, சிதம்பரம் போய்ச் சேருவதற்குள் லாரி வாடகை ஏறிவிடும் என்று ஒருவர் சொன்னார். மணலுக்குச் சிதம்பரத்துக்காரர்களுக்குக் கொள்ளிடம் பக்கம், அது மலிவு என்று இன்னொருவர். கடைசியில் ஒரு லாரி டிரைவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனதுதான் முக்கியமாக இருந்தது. கடலூரில் மணற்பாங்கான மண், சிதம்பரத்தில் களி. களிமண் கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். அதன்மேல் நிற்கிற சுவரையும் கூடவே இழுக்கும். அஸ்திவாரத்தைக் கீழே கொண்டுபோகாவிட்டால் ஐந்து வருடத்தில் வெடிப்புதான். மஞ்சக்குப்பத்து இன்ஜினியர் உன் மனையைப் பார்க்கவே இல்லை. கடலூர் மண்ணுக்கு உள்ள விலையைச் சிதம்பரத்து மனைக்குச் சொல்லியிருந்தார்.

அன்று மாலையே நீ ஒரு முழுத்தாள் எடுத்து எழுதினாய். எந்த அறை எவ்வளவு, சுவர் என்ன கனம், கதவுக்கு எந்த மரம், எத்தனை சுவிட்ச், தரைக்கு என்ன, தொட்டி எவ்வளவு கொள்ளவேண்டும். தைக்கிறவர்களுக்கு அளவு எழுதுகிற மாதிரியே எழுதினாய், பக்கத்தில் சின்னச் சின்னப் படத்தோடு. "ஒரே தாள எல்லாருக்கும் குடுப்போம். இதுக்கு என்ன வெலைன்னு எழுதட்டும். அப்பத்தான் யாரு ஜாஸ்தி, யாரு கம்மின்னு தெரியும். ஆளுக்கொரு வூட்டுக்கு வெலை சொன்னா எதை எதோட பாக்கறது?"

அந்தத் தாளை வாங்கிக்கொண்ட மூன்றாவது ஆள்தான் கலியமூர்த்தி. சொந்த ஊர் காடாம்புலியூர், அங்கே கொஞ்சம் முந்திரிக் கொல்லை இருந்தது. கல்யாணம் கட்டிச் சிதம்பரத்துக்கு வந்து, கட்டட வேலையில் பழகி, கான்ட்ராக்டர் ஆனவர். பேச்சில் நயம் கிடையாது. தாளை முழுக்கப் படித்துவிட்டு, "மண்ணப் பாக்காம வெலை சொல்ல மாட்டேன்" என்றார். உனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

மனையில் ஆள் விட்டுக் குழி தோண்டினார். ஒரு சனிக்கிழமை காலை. நானும் உன்னோடு வந்திருந்தேன். இடுப்பளவுக்கு மேல் கறுப்புக் களி, அதற்கும் கீழே ஈரம். அந்த நேரம் பார்த்து என் மாமியார் போன் செய்ய, சிக்னல் கிடைக்கவில்லை என்று நான் ரோட்டுப் பக்கம் போய்ப் பேசிக்கொண்டு நின்றேன். அங்கிருந்து உங்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். குழியின் விளிம்பில் நீ நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அவ்ளோ நேரம்?" என்று வந்து கேட்டேன்.

"வெலையப் பத்தி" என்றாய்.

தாள்கள் திரும்பி வந்தன. தங்கச்சி என்றவர் ஒன்றும் எழுதாமல் திருப்பி அனுப்பிவிட்டார். இன்ஜினியர் எல்லா வரிக்கும் விலை எழுதியிருந்தார். கூட்டினால் முதலில் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் கலியமூர்த்தியின் தொகையைவிட அது கொஞ்சம் குறைவுதான். குறைந்ததையே பிடித்துக்கொள் என்று நான் சொன்னேன். நீ கலியமூர்த்தியின் தாளைத் திருப்பிக் காட்டினாய். அஸ்திவாரம் என்ற வரிக்கு எதிரே, கோணல் எழுத்தில், 'அடியில் தண்ணீர் ஊறினால் கூடும், எவ்வளவு என்று இப்போது தெரியாது' என்று எழுதியிருந்தார்.

"தெரியாதுன்னு எழுதினவரு இவரு ஒருத்தர்தான்" என்றாய்.

வேலை தொடங்கியது. வீட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து விலை பேசியிருந்தாய். முதலில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையல்கட்டு, குளியலறை. அதோடு நின்றாலும் குடியிருக்கலாம். அப்புறம் இன்னொரு அறை. அப்புறம் பூச்சு, வாசல், சுற்றுச்சுவர். எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதுவரை செய்ததற்கு மட்டும் கணக்கு. பணம் முடையானால் நிறுத்திக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு என்று நான் நினைத்தேன்.

குளியலறை விஷயத்தில் நமக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. படுக்கையறையை ஒட்டியே அது வேண்டும், கதவு அகலமாக வேண்டும், உள்ளே உட்காருகிற டாய்லெட் வேண்டும், சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும் என்றாய். அதற்காகச் சமையல்கட்டைச் சுருக்கினாய்.

"உனக்கு என்ன எம்பது வயசா ஆயிடுச்சு?"

"ஆவாதா பின்ன? அப்ப இடிச்சா கட்ட முடியும்?"

அந்த வருடம் கம்பி விலை ஏறிக்கொண்டே போனது. தளம் போடும் சமயத்தில் கலியமூர்த்தி நம் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார். பேசின விலைக்குக் கம்பி போட்டால் தன் கைக்காசு போகும் என்றார். நான் சண்டைக்குத் தயாரானேன். பேசினது பேசினதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"ஏறினது எவ்ளோண்ணே? பில்லக் காட்டுங்க."

காட்டினார். நீ பார்த்துவிட்டு, "பாதி நான் ஏத்துக்கறேன், பாதி நீங்க. தரைக்கு டைல்ஸ் வேணாம், சிமென்ட் பூசிடுங்க. ஆனா வேல நிக்கக்கூடாது" என்றாய். அவர் சரியென்று போய்விட்டார். உன்னை அவர் ஏமாற்றுகிறார் என்று நான் பஸ் முழுக்கப் புலம்பினேன். நீ பாதி வழியில் தூங்கிப்போனாய். அந்த நாட்களில் அடிக்கடி தூங்கினாய். என் தோளில் தலை சாயும், வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் குலுங்கும்போது விழித்து, "எங்க வந்துருக்கோம்?" என்று கேட்பாய்.

சனிக்கிழமைகளில் நாத்தனாரைப் பார்க்கப் புதுச்சேரி போவதாகச் சொன்னாய். நாத்தனாரோடு உனக்கு அப்படி என்ன ஒட்டுதல் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முடி கொட்டியது. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். ஜாக்கெட்டை நீயே பிடித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டாய், அதனால் உடம்பு இளைத்தது கண்ணுக்குத் தெரியவில்லை. தையல் தெரிந்தவளுக்கு அது சுலபம்.

ஐப்பசி மழையில் மனை முழுக்கத் தண்ணீர் நின்றது. பின்பக்கத்து அறைக்குத் தோண்டிய குழி குளமாகிவிட்டது. வேலையாட்கள் வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் ரோட்டில் நின்றோம். கலியமூர்த்தி, மழை விட்டு மண் காயாமல் தொடமுடியாது என்றார். அன்றுதான் நீ கெஞ்சுவதை முதல்முறையாகப் பார்த்தேன். "எதனா பண்ணுங்கண்ணே. பம்பு வச்சு எறைங்க. கிறிஸ்மஸுக்குள்ள நான் உள்ள போவணும்." அவர் உன் முகத்தைப் பார்க்காமல், "போய்டலாம் டீச்சர், போய்டலாம்" என்றார். மறுநாளே மோட்டார் வைத்து இறைத்தார். ஒரு கிறிஸ்துமஸுக்காக இத்தனை அவசரமா என்று எனக்குத் தோன்றியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீடு மந்திரித்தார்கள். சர்ச்சிலிருந்து வந்த சாமியார் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். வெளிப்பூச்சு இல்லை, சுற்றுச்சுவர் இல்லை, இன்னொரு அறை சுவரோடு நின்றது. ஆனால் கூடத்தில் ஜெனி கட்டிய காகிதத் தோரணம் இருந்தது. நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் உன்னிடம் குனிந்து பேசினார்கள். கலியமூர்த்திக்கு வேட்டி சட்டை வைத்துக் கொடுக்கச் சொன்னாய். ஜெனி தட்டை நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று பின்பக்கம் போனார். எதையோ மறந்துவிட்டாரோ என்று நான் பின்னாலேயே போனேன். தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல டீச்சர். சொன்ன மாதிரியே முடிச்சுக் குடுத்துட்டேன். அவுங்க இருக்கறப்பவே குடுத்துட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "இருக்கறப்பவேன்னா?"

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? "உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?" என்று கேட்டார். தவறிப்போய்ப் பிறர் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவர் போல எழுந்து நின்றுவிட்டார். பிறகு அவர்தான் சொன்னார். மார்பில் கட்டி. குழி தோண்டிய சனிக்கிழமைக்கு முன்னாலேயே புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு வருடமோ, ஒன்றரை வருடமோ. நீ அன்று அந்தக் குழி விளிம்பில் நின்று அதைத்தான் அவரிடம் சொல்லியிருக்கிறாய். நடுவில் நான் இல்லாமல் போனால் எந்த இடத்தில் நிறுத்தினால் என் பெண் குடியிருக்க முடியும், அதற்குத் தகுந்தபடி விலை சொல்லுங்கள் என்று.

நான் உள்ளே வந்தபோது கூட்டம் குறைந்திருந்தது. உன்னை எழுப்பிச் சமையல்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். நீ என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாய். மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"அவருகிட்ட சொல்லியிருக்க. எங்கிட்ட சொல்லல."

"அவருகிட்ட சொல்லலன்னா தப்பா வெலை போட்ருப்பாரு டீச்சர். ரெண்டு மாடிக்குப் போட்ருப்பாரு, அகலக் கதவு போட்ருக்க மாட்டாரு. என்னா வேணும்னு உண்மையச் சொன்னாத்தான உண்மையான வெலை வரும்?"

"நான் விலை போடறவ இல்ல. அதனால எனக்கு வேணாமா?"

என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தடவிக்கொண்டே இருந்தாய். உன் விரல்நுனிகள் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போனவை. அன்று அவை மெத்தென்று இருந்தன. தையலை நிறுத்தி வெகுநாள் ஆகியிருக்கவேண்டும். அதையும் நான் கவனிக்கவில்லை. ஜெனி உள்ளே வந்து, "அம்மா, பாயாசம் பத்தல" என்றாள். நீ கையை விட்டுவிட்டு, "பால ஊத்திக் கொதிக்கவை" என்றாய்.

அதன் பிறகு நீ பள்ளிக்கூடம் வரவில்லை. நான் தினமும் மாலையில் வழக்கமான பஸ்ஸை விட்டு அடுத்ததைப் பிடித்துக்கொள்ளலாம் என்று உன் வீட்டுக்கு வந்துபோனேன். நோயைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் யாரைத் திட்டினார், புதுத் தையல் டீச்சர் எப்படிக் குழந்தைகளுக்கு ஓரம் அடிக்கச் சொல்லித்தருகிறாள் என்று பேசினோம். அகலக் கதவு வழியாக ஜெனி உன்னைச் சக்கர நாற்காலியில் குளியலறைக்குத் தள்ளிக்கொண்டு போவாள். சுவர்க்கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ எழுந்து நிற்பாய். நான் கூடத்தில் உட்கார்ந்து சிமென்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த சித்திரை நெருங்கும்போது நீ போய்விட்டாய். அந்த அறையில், பகல் வேளையில், ஜெனி பக்கத்தில் இருக்கும்போது.

கல்லறை கட்டக் கலியமூர்த்தியே வந்தார். செங்கல், சிமென்ட் எல்லாம் இறக்கி வைத்துவிட்டு நின்றார். ஜெனி, உன் மகள் அல்லவா, "எவ்ளோ ஆவும்னு எழுதிக் குடுங்கண்ணே" என்றாள். அவர் பென்சிலை எடுத்தார். காதுக்குப் பின்னாலேயே திரும்பச் செருகிக்கொண்டார். "இதுக்கு எனக்கு எழுத வரல பாப்பா" என்றார். பிறகு கல்லை அடுக்கத் தொடங்கினார்.

போன வாரம் சிதம்பரம் போயிருந்தேன். புயலுக்குப் பிறகு அதுவரை ஜெனியைப் பார்க்கவில்லை. அவள் இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். உன் ஜாடையே இல்லை, ஆனால் ஏதாவது கேட்கும்போது தலையைச் சாய்ப்பதில் நீ இருக்கிறாய். பக்கத்து மனையில் கூரையைக் காணோம், மின்கம்பம் வயலில் கிடந்தது. உன் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்திருந்தது, அவ்வளவுதான். காடாம்புலியூர்ப் பக்கம்தான் பெருத்த அடி. முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்துவிட்டன. கலியமூர்த்தியின் கொல்லையில் ஒரு மரம்கூட மிஞ்சவில்லையாம். அவர் ஊருக்குப் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார் என்று ஜெனி சொன்னாள். ஒரு முறை போய்ப் பார்க்கவேண்டும்.

டீ போட்டுக் கொடுத்தாள். பேச்சு எப்படியோ அங்கே வந்துவிட்டது. இத்தனை நாளும் கேட்காததை அவளிடம் கேட்டேன்.

"ஏன் ஜெனி, உங்கம்மா எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

அவள் தன் தம்ளரைக் கீழே வைத்தாள். "நானும் கேட்டேன் பெரிம்மா, ஒரு தடவ. 'அவுங்களுக்குச் சொன்னா பஸ்ல என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு வருவாங்க. இப்ப ஜன்னலப் பாத்துக்கிட்டு ஹெட்மிஸ்ட்ரஸத் திட்டிக்கிட்டு வர்றாங்க. ஒரு நாளைக்கு அந்த ஒரு மணி நேரந்தான் எனக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. அதையும் வுட்டுட்டா என்னா பண்றது?'ன்னாங்க."

நான் டீயைக் குடித்து முடித்தேன். தம்ளரைக் கழுவப் போனேன், ஜெனி பிடுங்கிக்கொண்டாள். ஊருக்குத் திரும்பி வரும்போது பக்கத்தில் யாரோ ஒரு பெண் முருங்கைக்கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்து, "ஏம்மா அழுவுறீங்க?" என்று கேட்டாள். கண்ணில் தூசி என்றேன்.

உன் காரணம் எனக்கு விளங்குகிறது. அது நியாயம்தான். நான் உன் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேனோ என்னவோ. தெரிந்திருந்தால் நான் கட்டாயம் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்திருப்பேன். ஆனாலும் அந்த ஒன்றரை வருடம் உன்னோடு நான் பேசிய பேச்சையெல்லாம் இப்போது எடுத்துப் பார்க்கிறேன். கம்பி விலை, மணல் லாரி, சமையல்கட்டின் அளவு. ஒரு வார்த்தைகூட உனக்குத் தேவையான வார்த்தை இல்லை. தேவையில்லாத வார்த்தைகள்தான் உனக்குத் தேவையாக இருந்தன என்கிறாய். அப்படியே இருக்கட்டும்.

என் வீட்டுக்காரர் சொல்கிறார், இனி மனதை ஆற்றிக்கொள், அவளை மன்னித்துவிடு என்று. மன்னிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியாது. நான் ஆற்றிக்கொள்ளப்போவதில்லை. செத்தவர்களை நினைத்து எல்லோரும் அழுகிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள், நல்லதாக நாலு வார்த்தை சொல்கிறார்கள். யாரும் அவர்களிடம் கோபித்துக்கொள்வதில்லை. எனக்கு உன் மேல் இன்னும் கோபம் இருக்கிறது.